மார்பகப் புற்றுநோய்: மாத்திரைக் காலத்தின் தொல்லைகளும் தீர்வுகளும்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பெண்கள் புதிதாக மார்பகப் புற்றுநோய்க்கு உள்ளானதாக உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. அதே ஆண்டில் இந்நோயால் மாண்டோர் சுமார் 98 ஆயிரம் பேர். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் இன்று முதலிடம் இதற்கே உரியது. மேலைநாடுகளோடு ஒப்பிடும்போது நம் நாட்டில் இந்நோய் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே தோன்றுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. குடும்பப் பொறுப்பும் வயல்வேலையும் அலுவலகப் பணியும் ஒருங்கே தோளில் இருக்கும் பருவத்தில் நோய் வருகிறது.

அறுவை சிகிச்சை, வேதிமருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியன பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடுகின்றன. மருத்துவமனை, செவிலியர், துணைக்கு வரும் உறவினர் என்று பலரும் சூழ்ந்திருக்கும் காலம் அது. அதன் பின்னர், ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகைக் கட்டி உடையவர்கள் நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம் ஐந்து ஆண்டுகளோ, சிலர் பத்து ஆண்டுகளோ உட்கொள்ள வேண்டியிருக்கிறது. சிகிச்சையின் மிக நீண்ட இப்பகுதி நோயாளியின் வீட்டில், எவருடைய பார்வையும் படாமல் நடைபெறுகிறது. மாத்திரை விலை குறைவானது. டமாக்சிஃபென், லெட்ரோசோல் ஆகிய இரண்டும் நம் நாட்டின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளன. ஆயினும் பலர் அதனை இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். அம்மாத்திரை உண்டாக்கும் தொல்லைகளைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை என்பதே இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

மருந்து செயற்படும் முறை

மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகத்திற்கும் உள்ள தொடர்பை ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். சூலகங்களை அகற்றியபின் முற்றிய மார்பகக் கட்டி சுருங்கியதை அவர் பதிவு செய்தார். காரணம் அப்போது விளங்கவில்லை. ஈஸ்ட்ரஜன் என்னும் ஹார்மோன் கட்டியின் உயிரணுக்களிலுள்ள ஏற்பிகளில் பொருந்தி அவற்றை வளரத் தூண்டுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. டமாக்சிஃபென் 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியலாரால் உருவாக்கப்பட்டது. கருத்தடை மருந்தைத் தேடிய முயற்சியில் கிடைத்த பொருள் அது. அப்பணிக்கு அது பயன்படவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக 1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டது.

பூட்டின் துளையில் வேறொரு சாவி நுழைந்து நின்றுவிட்டால் உரிய சாவி உள்ளே செல்ல இயலாது. அதுபோல டமாக்சிஃபென் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. ஆனால் உடலின் எல்லா உறுப்புகளிலும் அது ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. மார்பகத்தில் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கும் இம்மருந்து, கருப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரஜனைப் போலவே ஓரளவு செயற்படுகிறது. இதன் சில பக்கவிளைவுகள் இங்கிருந்தே பிறக்கின்றன.

மாதவிடாய் நின்றபின் சூலகம் ஓய்ந்தாலும், கொழுப்புத் திசு முதலியவற்றில் அரோமட்டேஸ் என்னும் நொதியின் துணையால் சிறிதளவு ஈஸ்ட்ரஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை அந்நொதியையே தடுப்பவை. எஞ்சியிருந்த ஈஸ்ட்ரஜனும் இவற்றால் ஏறக்குறைய அற்றுப்போகிறது. எலும்பும் மூட்டும் அதன் விளைவை உணர்கின்றன. சூலகம் இயங்கும் பெண்ணுக்கு, அதனை அடக்கும் ஊசியின்றி இம்மாத்திரைகளைத் தனியே கொடுத்தல் கூடாது. அவ்வாறு கொடுப்பின் சூலகம் மேலும் தூண்டப்படும்.

ஐந்து ஆண்டுகள் டமாக்சிஃபென் உட்கொண்டவர்களிடையே, பதினைந்து ஆண்டுக் காலத்தில் மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2011-இல் வெளியிடப்பட்ட முடிவு கூறுகிறது. மாத்திரையை நிறுத்திய பின்னரும் பல ஆண்டுகள் நீடிக்கும் பயன் இது. இவ்வளவு குறைந்த செலவில் இத்தகைய பயன் தரும் புற்றுநோய் மருந்துகள் மிகச் சிலவே.

இடையில் நின்றுபோகும் சிகிச்சை

அமெரிக்காவின் வடகலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் 49 விழுக்காட்டினரே முழுக் காலமும் ஒழுங்காக மாத்திரை பெற்றனர் என்று காட்டியது. பிரான்சில் நடந்து 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. அங்கே டமாக்சிஃபென் பெற்றுவந்த, மாதவிடாய் நிற்காத பெண்களின் இரத்தம் ஓராண்டு முடிவில் சோதிக்கப்பட்டது. 16 விழுக்காட்டினரின் இரத்தத்தில் மருந்து போதிய அளவில் இல்லை. இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மாத்திரையை விட்டதாக மருத்துவரிடம் சொல்லவே இல்லை. காப்பீடும் கல்வியும் பரவியுள்ள நாட்டிலேயே நிலைமை இதுவெனில், வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் நம் நாட்டில் அந்த மௌனம் எத்தகையதாக இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மௌனத்திற்குக் காரணங்கள் உண்டு. உயிர் பிழைத்ததே பெரிது, சிறு உபாதைகளைச் சொல்லி மருத்துவரின் நேரத்தைக் கவர்வதா என்ற தயக்கம் ஒன்று. வீட்டில் மூட்டுவலி என்றால் வயதின் கோளாறு என்றும், வியர்வை என்றால் கோடையின் கொடுமை என்றும் பெரியவர்கள் சொல்லிவிடுகின்றனர். கட்டி அகற்றப்பட்டுவிட்டது, உடம்பில் நோயில்லை, பின் மாத்திரை எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. மாத்திரை சாப்பிடாத நாளில் உடல் இலேசாக இருப்பதாக ஒருமுறை உணர்ந்துவிட்டால், அடுத்த மாதம் மருந்து வாங்கப் பேருந்து ஏறும் ஊக்கம் தளர்ந்துபோகிறது.

திடீர் வெப்பம்

நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் திடீரென ஏறும் வெப்பம், அதனைத் தொடரும் வியர்வை, பின்னர் ஒரு குளிர் நடுக்கம்: இதுவே பெண்கள் மிகுதியாகக் குறிப்பிடும் தொல்லை. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஈஸ்ட்ரஜனின் குறைவால் சிறு வெப்ப மாறுதலையும் பெரிதாகக் கொள்வதே இதற்குக் காரணம். இரவில் நேரும்போது உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் சோர்வு, எரிச்சல், மறதி எல்லாம் பின்தொடர்கின்றன. மே மாதத்து விதர்ப்பாவிலோ ராஜஸ்தானிலோ தகரக் கூரையின்கீழ் உறங்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு கடுமை என்பதை மேலைநாட்டு மருத்துவ நூல்கள் விளக்குவதில்லை.

எல்லாத் தொல்லையையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. அமெரிக்காவில் 13,000-க்கு மேற்பட்ட, நோயற்ற பெண்களிடம் நடத்தப்பட்ட தடுப்பு ஆய்வில் டமாக்சிஃபென் பெற்றோருள் சுமார் 81 விழுக்காட்டினர் வெப்பத் தொல்லையைக் கூறினர். வெற்று மாத்திரை பெற்றோருள்ளும் சுமார் 69 விழுக்காட்டினர் அதையே கூறினர். வயதும் மாதவிடாய் நிற்றலும் கொண்டுவரும் பங்கு இதில் பெரிது.

தொல்லை இலேசாக இருப்பின் எளிய மாற்றங்கள் போதும். தளர்ந்த பருத்தி ஆடை, படுக்கையருகே ஒரு விசிறியும் பானைத் தண்ணீரும், மாலைக்குப்பின் தேநீரையும் மிகு காரத்தையும் குறைத்தல் ஆகியன உதவும். எந்த உணவு, எந்த வேளை வெப்பத்தைத் தூண்டுகிறது என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடுவதால், இரு வாரங்களுக்கு நாட்காட்டியில் குறித்துவருதல் நல்லது. மாத்திரையை உட்கொள்ளும் வேளையை மாற்றிப் பார்க்கலாம். காலையா இரவா என்பதனால் பயன் குறைவதில்லை. மெதுவாக மூச்சு விடும் பயிற்சியும், வெப்பம் எழும்போது அச்சப்படாமல் அதனை எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் பயிற்சியும் தொல்லையின் சுமையைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவற்றால் அடங்காதபோது மருந்து உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் வென்லாஃபாக்சின், நரம்பு வலிக்குரிய கேபாபென்டின், சிறுநீர்ப்பைக் கோளாறுக்குரிய ஆக்சிபியூட்டினின் ஆகியன சிறு அளவில் பயன் தருபவை. இவ்விடத்தில் மருத்துவ அலுவலர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். டமாக்சிஃபென் கல்லீரலின் ஒரு நொதியால் ஆற்றல்மிக்க வடிவமாக மாற்றப்படுகிறது. ஃப்ளுவாக்செட்டின், பராக்செட்டின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அம்மாற்றத்தைக் குறைப்பவை. வேறு மருந்து இருக்க, டமாக்சிஃபெனோடு இவற்றைச் சேர்க்காதிருத்தலே நலம். ஹார்மோன் மாத்திரைகளால் வெப்பத்தைத் தணிக்கும் வழி இப்பெண்களுக்கு உரியதன்று. ஸ்வீடனில் தொடங்கிய அத்தகைய ஆய்வு ஒன்று, நோய் திரும்புதல் மிகுந்தமையால் 2003-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

‘சூடு தணிக்கும்’ நாட்டு மருந்துகளைத் தாமே வாங்கி உண்போர் பலர். தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற சில மூலிகைகளில் ஈஸ்ட்ரஜனை ஒத்த பொருள்கள் இருப்பதால், உண்ணும் எதனையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது இன்றியமையாதது. கண்டிப்பாரோ என்று அஞ்சி நோயாளி மறைத்தால், அத்தவறு பெரும்பாலும் கண்டிப்பவருடையதே.

மூட்டுவலியும் எலும்பும்

அரோமட்டேஸ் தடுப்பான்களை உட்கொள்வோருள் ஏறத்தாழ பாதிப்பேர் மூட்டுவலியையும் விறைப்பையும் உணர்கின்றனர். விரல், மணிக்கட்டு, முழங்கால் ஆகிய இடங்களில் காலையில் எழும்போது வலி மிகுதி. சற்று நடமாடியபின் தளரும். மருந்து தொடங்கிய முதற்சில மாதங்களில் தோன்றுவது வழக்கம். மாவு பிசைதலும் நாற்று நடுதலும் குந்தி அமர்ந்து துணி துவைத்தலும் அன்றாட வேலையாக உள்ள பெண்ணுக்கு இது கூலியையே பாதிக்கும் விஷயம். சிக்குன்குனியா பரவிய பகுதிகளில் இவ்வலியை அக்காய்ச்சலின் மிச்சம் என்று கொண்டு, மாத்திரையோடு தொடர்புபடுத்தாமல் விட்டுவிடுவதும் நேரக்கூடும். நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற அச்சம் சிலரை வாட்டுகிறது. ஒரே இடத்தில் நிலைத்து, இரவிலும் ஓயாமல் மிகுந்துவரும் வலிக்குச் சோதனை தேவை. இருபக்க மூட்டுகளிலும் காலையில் தோன்றி நடமாட்டத்தில் குறையும் வலி பெரும்பாலும் மருந்தினுடையது.

வலி இருந்தால் ஓய்வெடுக்க வேண்டும் என்பது பொதுநம்பிக்கை. சான்று வேறுவிதமாக உள்ளது. 121 பெண்களை ஈடுபடுத்தி 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற பயிற்சியும் இருமுறை தசைவலுப் பயிற்சியும் ஓராண்டு செய்தோரின் கடும் மூட்டுவலி 29 விழுக்காடு குறைந்தது. நாளொன்றுக்கு அரைமணிக்குச் சற்றுக் குறைவான நடை, வாரம் ஐந்தாறு நாள் என்று கொண்டால் இக்கணக்கு வந்துவிடும். தசைவலுப் பயிற்சிக்குக் கருவிகள் தேவையில்லை; மணல் நிரப்பிய இரு போத்தல்கள் போதும். அறுவைக்குப்பின் கை வீக்கம் உள்ளவர்கள் மட்டும் சுமையை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். வலிநீக்கி மாத்திரைகளைச் சில நாட்களுக்கு உட்கொள்ளலாம். மாதக்கணக்கில் உண்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும். டுலாக்செட்டின் என்னும் மருந்தும், அக்குபங்சர் முறையும் 2018-இல் வெளியான தனித்தனி ஆய்வுகளில் வலியைக் குறைத்தன.

இவை எதனாலும் பயனில்லையெனில், சில வாரங்கள் மருந்தை நிறுத்தி, அதே வகையின் மற்றொரு மாத்திரைக்கோ டமாக்சிஃபெனுக்கோ மாற்றுவது மருத்துவரின் கையிலுள்ள வழி. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வதுண்டு. இந்த ஒரு செய்தியை அறியாமலே சிகிச்சையை அடியோடு கைவிட்டோர் உண்டு என்பது வருந்தத்தக்கது.

எலும்பு மெலிதல் வலியின்றி நடைபெறுவதால் கூடுதல் கவனம் வேண்டும். தொடக்கத்திலும் பின்னர் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எலும்பு அடர்த்திச் சோதனை செய்தல் முறை. அக்கருவி இல்லாத மாவட்டங்களில் வயது, முன் நேர்ந்த எலும்புமுறிவு, உடல் எடைக்குறைவு ஆகியவற்றைக்கொண்டு ஆபத்தை மதிப்பிடலாம். நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேலும், 100 மில்லிலிட்டர் பாலில் சுமார் 120 மில்லிகிராமும் உள்ளன. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளதால் அதனைத் தனியே தர நேரிடும். தேவைப்படுவோருக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோலெட்ரானிக் அமில ஊசி போடப்படுகிறது. அதற்குமுன் பற்களைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

பேசப்படாத தொல்லைகள்

பிறப்புறுப்பு வறட்சி, அதனால் தாம்பத்திய உறவில் வலி, அடிக்கடி சிறுநீர் எரிச்சல் ஆகியன அரோமட்டேஸ் தடுப்பான்களோடு மிகுதியாகக் காணப்படுகின்றன. டமாக்சிஃபெனால் வெள்ளைப்படுதல் உண்டாகலாம். உறவில் விருப்பம் குன்றுவதும் உண்டு. ஆண் மருத்துவரிடம், அதுவும் மாமியாரோ மகனோ உடன் நிற்கும்போது, எந்தப் பெண் இதனைச் சொல்வாள்? கணவனின் சினத்தைத் தவிர்க்க மாத்திரையை விட்டுவிடுவது அவளுக்கு எளிய வழியாகத் தோன்றிவிடுகிறது. துணைச் செவிலியர் தனியறையில் அமர்ந்து கேட்பது ஒன்றே இதற்குத் தக்க வழி.

ஹார்மோன் கலவாத ஈரப்பசைக் களிம்பை வாரம் இருமுறையோ மும்முறையோ தடவுவதும், உறவின்போது நீரில் கரையும் வழவழப்புக் களிம்பைப் பயன்படுத்துவதும் முதற்படி. தேங்காய் எண்ணெயையும் சிலர் பயன்படுத்துகின்றனர். ஆணுறை அணியும் தம்பதியர் அதனைத் தவிர்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் ரப்பர் உறை நைந்துவிடும். ஈஸ்ட்ரஜன் கலந்த களிம்பைப் புற்றுநோய் மருத்துவரைக் கேளாமல் எழுதிக்கொடுத்தல் கூடாது.

மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குக் கருத்தடையும் இதனுடன் சேர்ந்த பொருளாகும். டமாக்சிஃபென் கருத்தடை மாத்திரை அன்று. மாதவிடாய் நின்றுபோனதுபோல் தோன்றினும் கருத்தரிக்க இடமுண்டு. கருவுக்கு அது தீங்கு செய்யும். ஆணுறையோ ஹார்மோன் இல்லாத காப்பர்-டி வளையமோ ஏற்றவை. குழந்தை வேண்டும் இளம்பெண்கள் அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். 18 முதல் 30 மாதம்வரை சிகிச்சை பெற்ற இளம்பெண்கள், கருத்தரிப்பதற்காக இரண்டு ஆண்டுகள்வரை கண்காணிப்புடன் மருந்தை நிறுத்திவைத்தபோது, குறுகிய காலத்தில் நோய் திரும்புதல் மிகவில்லை என 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது.

தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள் சிலவே. டமாக்சிஃபென் உட்கொள்ளும்போது, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு துளி உதிரம் கண்டாலும் கருப்பையைச் சோதித்தாக வேண்டும். 55 வயதைக் கடந்தோரிடம் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஒருவருக்கு வரும் கருப்பைப் புற்றுநோய், இம்மருந்தால் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு வருகிறது. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியன இரத்த உறைவின் அடையாளங்கள். பார்வை மங்கினால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்ணும் பழக்கமும் உண்டு. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் டமாக்சிஃபென் போதும் என 2019-இல் வெளியான இத்தாலிய ஆய்வு, ஊடுருவாத தொடக்கநிலை நோய்க்கு மட்டுமே பொருந்தும். ஊடுருவிய புற்றுநோய்க்கு 20 மில்லிகிராமே உரிய அளவு. ஒருநாள் மறந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை, மருந்து உடலில் பல நாட்கள் தங்கும். மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணவும் கூடாது.

கிராம அளவில் செய்யத்தக்கன

1975-இல் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது முதல் அரசின் கவனம் பெரிதும் நோயைக் கண்டறிதலிலும் மருத்துவமனைகளை அமைத்தலிலும் இருந்துவந்துள்ளது. 30 முதல் 65 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை என்பது 2016-இல் வகுக்கப்பட்ட நெறிமுறை. 2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இவை பெரும்பணிகள். ஆயினும் சிகிச்சை முடித்து ஊர் திரும்பிய பெண்ணின் ஐந்தாண்டுக் காலம் இவற்றின் ஓரத்திலேயே நிற்கிறது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் மாத்திரை வழங்கும் துணை சுகாதார நிலையத்தில், இந்த ஒரு மாத்திரையையும் சேர்த்து வழங்குவதற்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவைப்படாது.

கேட்கும் முறையில்தான் பணியின் வெற்றி அடங்கியுள்ளது. “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா அம்மா?” என்று ஆஷா பணியாளர் கேட்டால், “ஆம்” என்ற விடையே வரும். “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று? எல்லோருக்கும் மறப்பதுதானே” என்று கேட்டால் உண்மை வெளிவரும். மாத்திரை அட்டையில் எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்ப்பதும் உதவும். அடுத்து வெப்பம், மூட்டுவலி, உறக்கம், உதிரப்போக்கு, உறவில் வலி என ஐந்தையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்; “வேறு ஏதேனும் தொல்லை உண்டா?” என்ற பொதுவினாவுக்கு எவரும் விடை கூறுவதில்லை. கிடைத்த விடைகளைச் சமுதாய சுகாதார அலுவலர் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவைவழி மருத்துவருக்குத் தெரிவித்தால், ஒரு மூட்டுவலிக்காக நோயாளி நகரத்துக்குப் போய்வரும் செலவும் ஒருநாள் கூலியும் மிஞ்சும்.

மருந்தகப் பொறுப்பாளரின் பங்கும் சிறிதன்று. மூன்று மாத அளவை ஒருசேர வழங்கலாம். ஒப்பந்தக்காரர் மாறி மாத்திரையின் நிறமோ அட்டையோ மாறும்போது, அது அதே மருந்துதான் என்று கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் மற்றொரு முடிவு காத்திருக்கிறது. டமாக்சிஃபெனைப் பத்து ஆண்டுகள் தொடர்வது நோய் திரும்புதலை மேலும் குறைக்கிறது என 2012-இல் வெளியான அட்லஸ் ஆய்வு காட்டியது. நோயின் கடுமை, இதுவரை பட்ட தொல்லை, எலும்பின் நிலை ஆகியவற்றை எடைபோட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அதற்கு மாத்திரை தொடங்கிய நாளும், இடையில் விட்ட மாதங்களும் நோயாளியின் அட்டையில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.